பயறு அடைத்த தோட்டா

செப்டெம்பர் 1, சனி

காற்று வடமேற்கு, மெல்லியது. பொம்மை வாத்து நாற்பது. தோட்டா: இரண்டாம் நம்பர் இரும்புச் சன்னம். விழுந்தது ஐந்து. நான் நாலு, சிற்றம்பலம் ஒன்று. அவன் கொப்பியைப் பறித்து மாற்றி எழுதுவான் என்பதால் இம்முறை பேனையால் எழுதுகிறேன்.

இது வேட்டைக் கொப்பி. வருடத்துக்கு ஒன்று. காற்று, பொம்மை, தோட்டா, விழுந்தது; இவ்வளவுதான் இதில் வரும். ஆறாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்ற வழக்கு அறுபத்தைந்து வருடமாக முடியவில்லை. ஆகவே பெரிய எழுத்து எதையும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் பக்கத்தில் ஆட்களின் விவரம் எழுதுவது வழக்கம். நான் சீவரத்தினம், வயது எழுபத்தாறு. சிற்றம்பலம் என் மனைவி புவனத்தின் தமையன். என்னைவிட எட்டு மாதம் மூத்தவன். அந்த எட்டு மாதத்தை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க அதிகாரம் பண்ணுகிறவன். வன்னியிலிருந்து ஒன்றாக வந்து, கனடாவில் மனிற்றோபா மாகாணத்தில், இந்தச் சின்ன ஊரின் இறைச்சி ஆலையில் இருபத்திரண்டு வருடம் ஒன்றாக நின்றோம். மற்றத் தமிழர் எல்லாரும் ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள். அங்கே வாசலில் நின்று வாத்துச் சுட விடமாட்டார்கள் என்பதால் நாங்கள் போகவில்லை. புவனம் கண்ணை மூடி நாலு வருடம். அவனுடைய மனைவி அதற்கும் முன்பே. இப்போது இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தன் பேசினால் மற்றவன் கேட்கமாட்டான்.

செப்டெம்பர் 8, சனி

காற்று தெற்கு. பொம்மை நாற்பது. விழுந்தது ஒன்றுமில்லை.

காரணம் எழுத வேண்டும். வாத்து காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டுதான் இறங்கும். நிலத்தில் மேயும்போதும் அப்படித்தான் நிற்கும். ஆகவே மேலே போகிற கூட்டத்தை ஏமாற்றி இறக்க, பொம்மைகளைக் காற்றுக்கு முகம் காட்டி, லாடம் போல வளைத்து வைத்து, நடுவில் இறங்க இடம் விட வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்ததே சிற்றம்பலம்தான். இன்று நான் வண்டியிலிருந்து மற்றச் சாமான்களை இறக்கி வருவதற்குள் அவன் நாற்பதையும் வைத்து முடித்துவிட்டான். நாற்பதும் காற்றுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றன.

"என்ன மச்சான், வாத்துகளுக்கு வெக்கமோ? எல்லாம் மற்றப் பக்கம் திரும்பி நிக்குதுகள்."

"காத்து அங்கால இருந்துதானே வருது."

"அங்கால இருந்து வந்தா உன்ர தொப்பி ஏன்ரா அங்கால பறக்குது?"

அவன் தொப்பியைப் பார்த்தான். பொம்மைகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எதை வாங்க வந்தோம் என்று கடைக்குள் நின்று மறந்துபோனவன் பார்க்கிற மாதிரி.

"நீதானே உப்பிடி வைக்கச் சொன்னனீ," என்றான்.

"ஓம், நான்தான். உன்னைச் சோதிச்சுப் பாத்தனான்," என்றேன்.

நாற்பதையும் திருப்பி வைத்து முடிக்கும்போது சூரியன் ஏறிவிட்டது. கூட்டம் பக்கத்து வயலில் இறங்கிவிட்டது. வயது போனால் யாருக்கும் ஒரு நாள் இப்படி வரும்.

செப்டெம்பர் 9, ஞாயிறு

வதனி வந்தாள். சிற்றம்பலத்தின் ஒரே மகள், வின்னிபெக்கில் தாதி. இரண்டரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவாள். தகப்பன் குளிக்கப் போன நேரம் பார்த்து என்னைக் குசினிக்குள் மறித்தாள்.

"மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. அப்பாவுக்கு மறதி கூடிட்டுதோ? போன கிழமை ஒரே நாளில மூண்டு தரம் போன் எடுத்து, காருக்கு ஒயில் மாத்தினியோ எண்டு கேட்டவர்."

"நாலாந் தரமும் கேட்டிருந்தா மாத்தியிருப்பாய்."

"பகிடி விடாதேங்கோ மாமா. தடுமாற்றம் கொஞ்சம் இருந்தாலும் நான் அவரை என்னோட கூட்டிக்கொண்டு போயிடுவன். கீழ் அறை ஆயத்தமாத்தான் கிடக்கு. துவக்கையும் பொலிசில குடுத்திட வேணும்."

"ஆருக்குத் தடுமாற்றம்? கொப்பருக்கோ? நேத்து பொம்மை முழுக்க அவன்தான் வைச்சவன். ஒரு பிழை இல்லை."

அவள் நம்பினாள். சின்ன வயதிலிருந்தே நான் பகிடி விட்டால் நம்பமாட்டாள், மற்றதை நம்பிவிடுவாள்.

போகும்போது எனக்கும் ஒரு பெட்டி மீன்குழம்பு தந்துவிட்டுப் போனாள். குழம்பைச் சூடாக்கிக்கொண்டு கணக்குப் பார்த்தேன். அவன் வின்னிபெக் போனால் இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர் ஒருத்தர். ஒருத்தர் தனியே நின்று பேசினால் அதற்குப் பெயர் வேறு.

செப்டெம்பர் 15, சனி

மழை. போகவில்லை. அவன் வீட்டில் சீட்டுக் கடதாசி விளையாடினோம். மூன்று ஆட்டமும் அவனே வென்றான். தோற்றுப்போனதில் இவ்வளவு சந்தோசம் எனக்கு இதற்கு முன் வந்ததில்லை.

செப்டெம்பர் 19, புதன்

காற்று மேற்கு, பலம். தோட்டா: பி.பி. விழுந்தது மூன்று.

சன்னம் என்பது தோட்டாவுக்குள் நிறைந்திருக்கும் சின்னக் குண்டு; பி.பி. என்றால் இரண்டாம் நம்பரைவிடப் பெரிய சன்னம். இரும்பு ஈயத்தைப் போலக் கனமில்லை, தூரம் போகப் போக வேகம் விட்டுவிடும். ஆகவே காற்று பலமென்றால் சன்னம் பெரிதாக வேண்டும். ஈயம் போட்டுச் சுடத் தடை. சிந்திய ஈயத்தைப் பொறுக்கித் தின்றால் வாத்துக்கு நஞ்சேறிவிடுமாம். சுட்டுக் கொல்லலாம், நஞ்சு வைக்கக்கூடாது. நல்ல அரசாங்கம்.

வீட்டுக்கு வந்து துவக்குகளைத் துடைக்க எடுத்தபோது சிற்றம்பலத்தின் துவக்குக்குள் தோட்டா இருந்தது. வயலை விட்டு வெளிக்கிட முன்னம் வெறுமையாக்க வேண்டும். அது பிள்ளைகளுக்கும் தெரிந்த சட்டம். வண்டியில் அதன் குழல் என் பக்கம் பார்த்தபடி கிடந்தது. நாற்பது நிமிட ஓட்டம்.

"மச்சான், உதென்ன?"

"நான் எல்லாம் எடுத்திட்டன்."

"பின்ன இது முட்டையோ? துவக்கு இட்டதோ?"

"நீதான் போட்டிருப்பாய், என்னைப் பேய்க்காட்ட."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். தோட்டாவை என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

செப்டெம்பர் 21, வெள்ளி

ஒரு யோசனை.

தோட்டா அடைப்பது எப்போதும் நான்தான். அவனுக்குப் பொறுமை இல்லை. என் குசினி மேசையில் கைப்பிடி வைத்த சின்ன இயந்திரம் ஒன்று பூட்டியிருக்கிறேன். வெறும் கூட்டுக்குள் வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்து, அதற்குள் சன்னத்தைக் கொட்டி, வாயை மடித்து அமத்தினால் தோட்டா. எனக்குச் சிவப்புக் கூடு, அவனுக்குப் பச்சை. அவன் பச்சை தவிர வேறு தொடமாட்டான்.

இன்று பச்சைக் கூடு இருபத்தைந்தில் சன்னத்துக்குப் பதில் பயறு போட்டேன். மருந்தையும் கொஞ்சம் குறைத்தேன். சத்தம் வரும், புகை வரும், தோளில் ஒரு தட்டும் தட்டும். ஒன்றும் விழாது. வண்டிக்குள் தவறி வெடித்தாலும் ஆளைத் தூக்கி அடுக்களையில் வைத்துக் கஞ்சி காய்ச்சலாம்.

புவனம் இருந்தால் பயற்றை வீணாக்கினதற்கு ஒரு நாள் முழுக்க ஏசியிருப்பாள். ஏசுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் பயறு நிறைய மிஞ்சுகிறது.

வதனிக்குச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? துவக்கால் இனி ஆபத்தில்லை. அலுவல் முடிந்தது.

செப்டெம்பர் 29, சனி

காற்று வடமேற்கு. பொம்மை ஐம்பது. விழுந்தது ஆறு.

வைக்கோல் செருகிய படுக்கைக் கூடு ஆளுக்கொன்று எங்களிடம் இருக்கிறது. அதற்குள் மல்லாந்து படுத்திருந்து, வாத்து இறங்கும்போது எழும்பிச் சுடவேண்டும். விடியற்காலை தோட்டாவைக் கையில் எடுத்ததும் அவன் நிறுத்துப் பார்த்தான்.

"என்னடாப்பா, பஞ்சு மாதிரிக் கிடக்கு?"

"புதுச் சன்னம். உள்ளுக்க கோறை, வெறும் காத்து. கனமில்லாதபடியா வேகம் கூட."

"உன்ர மண்டை மாதிரி எண்டு சொல்லு."

அவன் எழும்பும் நேரம் நானும் எழும்பினேன். அவன் விசையை அமத்தும் நேரம் நானும் அமத்தினேன். வாத்து விழுந்தது.

"உன்ர, மச்சான்! சுத்தமான அடி!"

"பாத்தியே! நீ எங்க சுட்டனி? சந்திரனுக்கோ?"

இப்படி ஆறு தரம். வாழ்நாள் முழுக்க இவன் தவறவிட்ட வாத்துகளை எண்ணி எண்ணிப் பகிடி பண்ணினவன் நான். புகழ்வது எனக்குப் பழக்கமில்லாத வேலை. வாய் கோணிக்கொண்டு வந்தது. ஆனால் திரும்பி வரும் வழி முழுக்க அவன் பாடிக்கொண்டு வந்தான்.

சிற்றம்பலம் ஆறு, நான் பூச்சியம். பேனையால் எழுதியிருக்கிறேன்.

ஒக்டோபர் 3, புதன்

இன்று முழுக்க அவன் என்னைப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, மச்சான் என்றும் கூப்பிடவில்லை. "தம்பி" என்றான். எட்டு மாத அதிகாரம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒக்டோபர் 8, திங்கள்

காற்று வடக்கு, பனித்தூவல். பொம்மை அறுபது.

ஒக்டோபர் வாத்து சூடு கண்ட வாத்து. பொம்மைகளில் தலை தூக்கி நிற்பது கூடினால், ஏதோ பயந்து நிற்கிறது என்று நினைத்து மேலாலேயே போய்விடும். அதனால் மேய்கிற பொம்மைகளைக் கூட வைத்து, தலை தூக்கினது நாலே நாலு வைத்தேன். அதில் ஒன்று காற்றுக்குச் சரிந்தது. நிமிர்த்தி வைக்க எழும்பிப் போனேன். பன்னிரண்டு அடி வைத்திருப்பேன். குனிந்தேன்.

பின்னால் வெடித்தது. கொதிக்கிற மணலை ஒரு கை அள்ளி முதுகில் எறிந்த மாதிரி இருந்தது. பொம்மைக்கு மேலேயே முழங்காலில் விழுந்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் எழும்பி உட்கார்ந்திருக்கிறான், துவக்கு தோளில், குழல் என் பக்கம். முன்கட்டையை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றினான்.

"டேய்! சிற்றம்பலம்! நான்ரா!"

"ஆர்?"

"நான். சீவரத்தினம்."

"எந்தச் சீவரத்தினம்?"

"புவனத்தின்ர மனிசன். உன்ர மச்சான்ரா!"

குழல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

"விசரா, வாத்து எழும்பேக்க நீ ஏன்ரா குறுக்க நிண்டனீ?"

வாத்து எழும்பவில்லை. வானத்தில் ஒன்றுமே இல்லை.

"குடு மச்சான், குழலுக்க பனி போயிட்டுது, துடைச்சுத் தாறன்," என்று சொல்லித் துவக்கை வாங்கித் திறந்தேன். பச்சைத் தோட்டா வரவில்லை. கறுப்பு வந்தது. கடையில் வாங்கின பி.பி. முழு இரும்பு. இன்றைக்குக் குளிரென்று அவன் போன வருடத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தவன். அதன் பையில் கிடந்திருக்கிறது. தடவிப் பார்த்தேன், இன்னும் இரண்டு இருந்தன.

முதலாவது பச்சை, இரண்டாவது கறுப்பு. மாறிப் போட்டிருந்தால் கொப்பியில் இந்தப் பக்கம் இல்லை.

அவனை வீட்டில் இறக்கிவிட்டு, சோறு போட்டுக் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டான். என் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் முதுகைப் பார்த்தேன். பதினொரு சிவப்புப் பொட்டு.

விழுந்தது ஒன்றுமில்லை. கிட்டத்தட்ட ஒன்று.

ஒக்டோபர் 9, செவ்வாய்

வதனிக்குப் போன் எடுத்தேன். எல்லாம் சொன்னேன். பயறு, கறுப்புத் தோட்டா, முதுகு.

"எப்ப இருந்து மாமா?"

"செப்டெம்பரில இருந்து."

"நான் கேட்டனானே," என்றாள். அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

போன வருடத்துக் கொப்பி என் முழங்கைக்குக் கீழேதான் கிடந்தது. அதில் ஒக்டோபர் பதினாலாம் திகதிக்கு நேரே ஒரு வரி இருக்கிறது: "சிற்றம்பலம் வயலுக்குப் பாதை மறந்து பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிற்பாட்டினான். நல்ல பகிடி." அவள் அந்தக் கொப்பியைக் கேட்கவில்லை. நானும் வாசித்துக் காட்டவில்லை.

"சனிக்கிழமை வாறன். துவக்கைக் கேட்டா அப்பா சண்டை பிடிப்பார் மாமா. தனக்கு ஒண்டும் இல்லையெண்டு நிப்பார்."

"அவனுக்கு ஒண்டும் இல்லை எண்டே இருக்கட்டும். அவனிட்ட அவனைப் பற்றி ஒரு சொல் கதையாதை. நான் பாக்கிறன்."

ஒக்டோபர் 13, சனி

வதனி வந்து கதிரையில் இருந்தாள். நான் என் துவக்கை உறைக்குள் போட்டுக் கொண்டுபோய் அவன் மேசையில் வைத்தேன்.

"மச்சான், எனக்குக் கண் போயிட்டுது. டொக்டர் இனித் துவக்குத் தொட வேண்டாம் எண்டிட்டார். அண்டைக்கு வயலில நான்தான் பொம்மை எது, வாத்து எது எண்டு தெரியாமல் எழும்பி ஓடினனான்."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு தொடையில் அடித்துச் சிரிக்கத் தொடங்கினான்.

"எனக்கு அப்பவே தெரியும்! குருட்டுக் கொக்கு! பிள்ளை, உனக்குத் தெரியுமே, இவன் செப்டெம்பரில பொம்மை முழுக்கக் காத்துக்குப் பின்பக்கம் காட்டி வைச்சவன்! நாப்பதும்! நான்தான் திருப்பி வைச்சனான்!"

"ஓம், நான்தான்," என்றேன்.

"அண்டைக்கு ஆறு வாத்திலை ஒண்டு விழுத்தேல்லை! ஒண்டு!"

"ஒண்டுமில்லை மச்சான்."

ஐம்பது வருடமாக நான் விட்ட பகிடிக்கெல்லாம் அரை மணி நேரத்தில் பதில் தந்தான். கலியாண வீட்டில் நான் சறுக்கி விழுந்தது வரை போனான். அதெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. நான் குனிந்துகொண்டு கேட்டேன்.

பிறகு திடீரென்று எழும்பி உள்ளே போனான். தன் துவக்கைக் கொண்டுவந்து என் துவக்குக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இதையும் கொண்டுபோ பிள்ளை. உவன் வராத வயலில எனக்கென்ன வேலை?"

வதனி தண்ணீர் குடிக்கப் போனாள். குசினியில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒக்டோபர் 21, ஞாயிறு

பனிக்காலம் முடியும்வரை என்று சொல்லி வதனி அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். காருக்குள் ஏறி இருந்துகொண்டு, கண்ணாடியை இறக்கி, "படியைப் பாத்து இறங்கு, குருடா!" என்று கத்தினான். கார் மூலை திரும்பும்வரை கை காட்டினேன். கண் தெரியாதவன் அவ்வளவு தூரத்துக்குக் கை காட்டக்கூடாது என்று பிறகுதான் நினைவு வந்தது.

ஒக்டோபர் 24, புதன்

விடிய ஐந்து பத்துக்குப் போன் அடித்தது.

"டேய், வெளிக்கிட்டியோ? நான் சப்பாத்தும் போட்டிட்டன். கெதியா வா!"

"மச்சான்... எனக்குக் கண் போயிட்டுதெல்லே."

"என்ன? உனக்கோ? எப்ப?" பிறகு அந்தச் சிரிப்பு. குருட்டுக் கொக்கு. பொம்மை. ஆறு வாத்து. கலியாண வீடு. எல்லாம் முதல் தரம் போல.

ஒக்டோபர் 25, 26, 27

அதே.

ஒக்டோபர் 30, செவ்வாய்

இப்போது நாலரைக்கே எழும்பித் தேத்தண்ணி போட்டுக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இந்தக் கிழமையில் ஆறு தரம் குருடாகிவிட்டேன். ஒவ்வொரு தரமும் அவனுக்குப் புதுச் சந்தோசம். இப்படி ஒரு பகிடியை நான் என் ஆயுளில் விட்டதில்லை.

நவம்பர் 4, ஞாயிறு

காற்று வடக்கு. பொம்மை இல்லை. தோட்டா இல்லை.

வயல் ஓரம் போய்ச் சும்மா நின்றேன். கூட்டங்கூட்டமாகத் தெற்கே போகின்றன. சுடாத ஆளை வாத்துக்கும் தெரிகிறது. தலைக்கு மேலே இரண்டு பனை உயரத்தில் போயின. முகத்தைக்கூடப் பார்க்கலாம். ஒன்றும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் 9, வெள்ளி

மூன்று நாளாகப் போன் இல்லை. வதனியைக் கேட்டேன். அப்பா இப்ப ஏழு மணி வரைக்கும் நித்திரை, நல்லாச் சாப்பிடுறார் என்றாள். நல்லது என்றேன்.

நவம்பர் 14, புதன்

வயல் முழுக்க வெள்ளை. இன்று நான் பேசிய தமிழ் ஒரே ஒரு சொல். அடுப்பு கையைச் சுட்டபோது வந்தது. எழுதக்கூடிய சொல் இல்லை.

நவம்பர் 17, சனி

மத்தியானம் நானே போன் எடுத்தேன். வதனி தகப்பனிடம் கொடுத்தாள்.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான்."

"ஆ, ஓமோம்," என்றான். "எப்பிடி இருக்கிறியள்?"

எழுபது வருடத்தில் அவன் என்னை ஒரு நாளும் மரியாதை வைத்து இருக்கிறியள் என்று கேட்டதில்லை.

"இருக்கிறன்," என்றேன்.

"எங்க இருந்து கதைக்கிறியள்?"

ஊரின் பெயரைச் சொன்னேன்.

"அங்கயோ? அங்க என்ர மச்சான் ஒருத்தன் இருக்கிறான். தங்கச்சியின்ர மனிசன். கண் தெரியாது. தனிய."

"அப்பிடியோ."

"பொல்லாத வாய். ஊரையே நக்கலடிப்பான். ஆனா தனக்கு எண்டு ஒண்டும் கேக்கமாட்டான். அந்தப் பக்கம் போனா ஒருக்கா எட்டிப் பாருங்கோ. பிஸ்கட் ஏதும் கொண்டு போங்கோ, இஞ்சிப் பிஸ்கட் எண்டா தின்னுவான்."

"கொண்டு போறன்."

"நான் வரக் கொஞ்சம் பிந்தும் எண்டு சொல்லுங்கோ. சொன்னா வாசலில வந்து நிப்பான், விசரன். குளிர். உள்ளுக்க இருக்கச் சொல்லுங்கோ."

"சொல்லுறன்."

பின்னேரம் கடைக்கு நடந்து போய் இஞ்சிப் பிஸ்கட் ஒரு பெட்டி வாங்கினேன். திரும்பி வந்து என் வீட்டுப் படியில் சப்பாத்துப் பனியைத் தட்டினேன். பூட்டுக்குள் திறப்பைப் போட முன்னம் கதவில் இரண்டு தரம் தட்டினேன்.